நம் எண்ணெய் மேல் பழி போட்டவனுக்கு

போன் செய்தால் எடுப்பாய். "கம்பெனி லைன்ல நிக்கிறேன்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். உன்னுடைய அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தை நீ பாதியில் மூடி வைக்கலாம். மூடிய இடத்திலேயே அது உனக்காக உட்கார்ந்திருக்கும். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. மற்ற வீடுகளிலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கலில், டாக்டர் சீட்டு இல்லாமல், அந்த நீலக் கேப்சூலை வாங்கியவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. கல்யாணம் வைத்திருக்கிற பையன்கள் நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்று கடைக்காரரே சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

நேற்றுக் காலை உன் மனைவி போன் செய்தாள். ஓசூருக்குப் போனதில் இருந்து சங்கீதா தினமும் பேசுகிறாள், நீதான் பேசுவதில்லை. குரல் இறங்கியிருந்தது. "அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க மிஷின்ல ஆட்டிக் குடுத்து வுட்ட எண்ணெய எடுத்து வெச்சுட்டேன். பாக்கெட் எண்ணெதான் ஊத்தறோம். அவருக்கு நம்ம எண்ணெ ஒத்துக்கலையாம்." அவளே தொடர்ந்தாள். "அவருக்கு இன்னா ஒடம்பு அத்தை? எதுனா இருந்தா சொல்லிடுங்க. எனக்கும் ஒரு ஜீரண மாத்திர குடுத்தாரு. காலையில டிபனோட போட்டுக்கினு வரேன்." என்ன நிறம் என்று கேட்டேன். நீலம் என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

உன்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஆனால் கேள்வியாக எழுதினால் நீ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவாய். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நீ இருந்த இடங்கள்தான். ஆனால் நான் நின்ற பக்கத்தில் இருந்து நீ அவற்றைப் பார்த்திருக்க மாட்டாய்.

நிச்சயதார்த்தத்தில் தொடங்கியது. தட்டு மாற்றி முடித்துப் போட்டோ எடுக்க உங்களை உட்கார வைத்தபோது, சங்கீதாவின் சித்தப்பா மகன் பின்னால் இருந்து சொன்னான். "மாப்ள தொப்பைக்கு தனியா ஒரு சேர் போடுங்கப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், எல்லோரையும்விடச் சத்தமாக. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அடிபட்டால் நீ அப்படித்தான் சிரிப்பாய். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றாய். நான் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றேன். உள்ளே வரவில்லை. என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறாய், உண்மைதான். வாரம் மாறி ராத்திரி ஷிப்ட், கேன்டீன் சோறு, நின்ற இடத்திலேயே வேலை. அதைக் குறைக்க நினைத்ததில் தப்பே இல்லை. அதைத் திருட்டுத்தனமாகச் செய்ய நினைத்த இடத்தில்தான் எல்லாம் கோணிப் போனது.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று நீ யாரிடமும் கேட்கவில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்று கடையில் சொன்னார்களாம். கரைக்காது. நான் கல்லூரியில் கொஞ்சம் வேதியியல் படித்தவள். அதில் பாதி மறந்தது. மீதியை ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டு நிரப்பிக்கொண்டேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், நீ எண்ணெய் மிஷின் சத்தத்தில் வளர்ந்தவன். கடலையை மிஷினில் போட்டு நொறுக்காமல் எண்ணெய் இறங்காது. வயிற்றில் அது தலைகீழ். நாம் தின்கிற எண்ணெயைக் குடல் துண்டு துண்டாக நொறுக்கினால்தான் அது உடம்புக்குள் போகும். முழுசாக இருந்தால் குடல் சுவரைத் தாண்டாது. நொறுக்குவதற்கு உடம்பே ஒரு சாறு சுரக்கிறது. லைபேஸ் என்று பெயர். நீ போட்ட கேப்சூல் அந்தச் சாற்றின் வாயைக் கட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. தின்ற எண்ணெயில் கால் பங்குக்கு மேல் நொறுங்காமல் அப்படியே கீழே போகிறது. எண்ணெயாகவே போகிறது. எண்ணெயாகவே வெளியே வருகிறது.

ஏற்கெனவே உன் வயிற்றில் சேர்ந்திருக்கும் கொழுப்பை அது தொடாது. சோற்றைத் தொடாது. சர்க்கரையைத் தொடாது. உன் நாளை எண்ணிப் பார். காலையில் இட்லி. மதியம் ஒரு தட்டு நிறையச் சோறு, புளிக் குழம்பு, மறுசோறு, ரசம். நடுவில் சர்க்கரை தூக்கலாக டீ, டீக்குப் பின் இன்னொரு டீ. உன் தொப்பை சோற்றில் வந்தது, டீயில் வந்தது. அதில் அந்த மாத்திரைக்குப் பிடிக்க எதுவுமே இல்லை. நீ கல்யாணத்துக்கு முன் அதை விழுங்கிக்கொண்டிருந்தாய், ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. ஆனால் நீ என்ன முடிவுக்கு வந்தாய்? மாத்திரை சாதுவானது, தொந்தரவு இல்லாதது என்று. அந்த நம்பிக்கையோடு விருந்துக்குக் கிளம்பினாய்.

நம் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் சொந்தக்காரர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீடு வீடாக அழைத்துப் போடுகிற விருந்து உனக்குத் தெரியாததா? இலையில் வைத்ததை வேண்டாம் என்றால் அது சோற்றுக்குச் சொன்ன பதிலாக இருக்காது. அந்த வீட்டுக்குச் சொன்னதாகிவிடும். எல்லா வீட்டிலும் கோழி, எல்லா வீட்டிலும் எண்ணெய் மிதக்கும். நீ கணக்குப் போட்டாய். எல்லாவற்றையும் தின்னலாம், மாத்திரை வெளியே தள்ளிவிடும், மரியாதையும் போகாது, தொப்பையும் கூடாது. ஒன்றுக்கு இரண்டாகவும் விழுங்கியிருக்கிறாய். இரண்டு போட்டால் இரண்டு மடங்கு தடுக்காது என்றார் டாக்டர். சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். "சாப்பாட்ட கொறச்சி, தெனம் நடக்கறவங்களுக்கு இது கொஞ்சம் கை குடுக்கும்மா. விருந்துக்குப் போறவங்களுக்கு பாத்ரூம் எங்கன்னு காட்டும்."

நமக்குப் பாத்ரூம் கூடக் காட்டவில்லை. பஸ்தான் கிடைத்தது.

வெள்ளிமலை விருந்து. உன் அப்பாவின் கூட்டாளி கோவிந்தன், மலையில் இருந்து கடுக்காயும் தேனும் இறக்குகிறவர், தன் கையால் நாட்டுக்கோழி வறுத்துப் போட்டார். "உங்க வூட்டு எண்ணெதான், பயப்படாம சாப்புடு" என்று இலையில் தள்ளிக்கொண்டே இருந்தார். நீ எதையும் மறுக்கவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பையன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று. மறுநாள் காலையிலும் அதே வறுவல், அதே குழம்பு. வெயில் ஏறுவதற்குள் கீழே இறங்குகிற பஸ்ஸில் ஏறினோம். இரண்டு வளைவு தாண்டவில்லை, நீ எழுந்து டிரைவர் பக்கம் போனாய். பஸ் நின்றது. புதருக்குப் பின்னால் ஓடினாய். திரும்பி வந்து உட்கார்ந்தாய். மறுபடி எழுந்தாய்.

"இன்னா மாப்ள, மறுபடியுமா?" என்றார் கண்டக்டர்.

"புது மாப்பிள்ளைங்க அவரு. விருந்துக்கு வந்துட்டுப் போறாரு" என்று ஒரு அம்மா பரிந்து பேசினாள்.

"அதான் தெரியுதே. இப்டியே போனா சாயங்காலந்தான் கள்ளக்குறிச்சி. ஆபீசுக்குப் போறவங்க லீவு சொல்லிடுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. சங்கீதா சிரிக்கவில்லை. கழுத்தில் இருந்த புது மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். என்ன நினைத்திருப்பாள் என்று நீ யோசித்தாயா? கட்டிக்கொண்டவனுக்கு ஏதோ வியாதி, வீட்டார் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். அன்றில் இருந்தே. நேற்றுத்தான் வாய் திறந்து கேட்டாள்.

அதன் பிறகாவது நிறுத்தினாயா? இல்லை. அடுத்தது களமருதூர், மாமனார் வீடு. பந்தியில் இருந்து எழுந்தாய். வெள்ளை வேட்டி. பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கையகலத்துக்கு ஒரு கறை. உனக்குத் தெரியவில்லை, பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சங்கீதாவின் சித்தப்பா நல்ல மனிதர்தான், நாக்கு மட்டும் நிற்காது. "இன்னாங்க மாப்ள, எண்ணெ மேலயே ஒக்காந்துட்டீங்களா?" என்றார். நீ உள்ளே ஓடி வேட்டி மாற்றிக்கொண்டு வந்தாய். முற்றத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"சம்பந்தி வூட்டு எண்ணெயிலதான் வறுத்தோம். அவரு புள்ளைக்கே சேரல பாரு. மல்லாட்டக் கடலயோட இன்னாத்த கலந்து ஆட்றாங்களோ" என்றார் சித்தப்பா.

உன் அப்பா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். "எண்ணெ இல்ல மாமா, நான் ஒரு மாத்திர சாப்புட்றேன்." அவ்வளவுதான். சிரித்திருப்பார்கள். நாலு நாள் கேலி செய்திருப்பார்கள். பிறகு மறந்திருப்பார்கள். நீ என்ன சொன்னாய்?

"எனக்கு நம்ம எண்ணெ கொஞ்சம் ஒத்துக்கறதில்ல மாமா."

அந்த எண்ணெயில் தாளித்த குழம்பைத் தின்றுதான் நீ வளர்ந்தாய். அந்த எண்ணெய் விற்ற காசில்தான் டிப்ளமா முடித்தாய். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று பல தடவை என்னை நானே அடக்கியிருக்கிறேன். இன்று அடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. நேராக மிஷினுக்குப் போனார். ஒரு டின்னைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து முகர்ந்தார். நாக்கில் வைத்தார். அடுத்த டின்னைத் திறந்தார். என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். "வாசம் செரியாத்தான இருக்குது?" சரியாக இருக்கிறது என்றேன். "பழைய கடலை எதுனா கலந்துகிச்சா?" இல்லை என்றேன். மறுநாள் ஆட்டுவதை நிறுத்திவிட்டு மிஷினைக் கழற்றிக் கழுவினார். மூட்டைகளைப் பிரித்துச் சொத்தைக் கடலை பொறுக்கினார். கடலை கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். இல்லாத தப்பை ஒரு மனிதர் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் வேட்டியைத் துவைத்தேன். எத்தனை எண்ணெய்க் கறையை நான் துவைத்திருப்பேன். இது மிஷினில் படுகிற கறையாக இல்லை, சமையலில் தெறித்த கறையாகவும் இல்லை. உன் பையைத் திறந்தேன். அட்டை அட்டையாக நீலக் கேப்சூல். "வாயுக்குமா" என்றாய். நான் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், பிறகு டாக்டரிடம் போனேன். தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் நான் சங்கீதாவிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. உன் மானம் என்று நினைத்தேன். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சின்னசேலத்தில் ரயில் ஏறிப் போய்விட்டாய்.

இப்போது அவளுக்கும் கொடுத்திருக்கிறாய். ஜீரண மாத்திரை என்று பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். ஏன்? நீ மட்டும் விழுங்கினால் அவள் கேட்பாள், இரண்டு பேரும் விழுங்கினால் கேட்கமாட்டாள் என்றா? அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கட்டும் என்றா? எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

பெண் பார்க்கப் போன நாளை நினைத்துப் பார். காபி வந்தது. பேச்சு தொடங்கும் முன்னால் அவள் அம்மா உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்தார். "பாப்பாவுக்கு தைராய்டு இருக்குதுங்க. பிளஸ் டூ படிக்கறப்பவே வந்துச்சு. தெனம் காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடுது. வேற ஒரு கொறையும் இல்ல. பின்னால தெரிஞ்சா மனசு கஷ்டமாயிடும், அதான் இப்பவே சொல்லிட்டேன்." இதைச் சொல்லி ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப் போயிருந்ததாம். இருந்தும் சொன்னார். வெளியே வந்ததும் நீதான் சொன்னாய், "இப்டி நேரா பேசறவங்க வூடுதான்மா வேணும்." நீதான்.

அந்தத் தைராய்டு மாத்திரையும் இந்த நீல மாத்திரையும் சேர்ந்து வயிற்றில் இருக்கக் கூடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. அவள் வெறும் வயிற்றில் அதைப் போடுகிறாள், கொஞ்ச நேரத்தில் டிபன், டிபனோடு நீ கொடுத்தது. அவளுக்கு அசதி வரும், எடையும் ஏறும். உடம்பு ஏன் கனக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இன்னொன்று. சில சத்துகள் எண்ணெயில்தான் கரையும். எண்ணெய் வெளியே போனால் அவையும் கூடப் போகும். நாளைக்கு அவள் வயிற்றில் ஒன்று தங்கினால் இந்த மாத்திரை அந்தப் பக்கமே போகக் கூடாது. அந்த மாத்திரை விஷம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மருந்து. நீ அதை ஒளித்து வைக்கிற பொருளாக்கினாய். ஒளித்து வைத்ததால்தான் அது இவ்வளவு தூரம் வந்தது.

நேற்று போனில் அவளிடம், "அத இனிமே போடாத கண்ணு" என்று மட்டும் சொன்னேன். "ஏன் அத்தை?" என்றாள். "அவன கேளு" என்றேன். நீ சொல்லட்டும் என்று நினைத்தேன். அதுதான் முறை என்று நினைத்தேன்.

இந்தக் கடிதத்தை இந்த இடம்வரை எழுதிவிட்டு மிஷினில் உன் அப்பாவுக்கு டீ கொடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் போன் அடித்தது. சங்கீதா. குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது.

"கேட்டேன் அத்தை. அம்மாவ கேளுன்னாரு. நீங்க அவர கேளுன்றீங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை காட்டிக்கினே இருந்தா நான் யாரத்தான் கேக்கறது? எங்கம்மா டப்பாவக் கொண்டாந்து வெச்சாங்க இல்ல, உங்க வூட்ல யாரு வெப்பீங்க?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயதார்த்தத்தில் அவள் சித்தப்பா மகன் சொன்னதில் தொடங்கி நீலக் கேப்சூல்வரை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன் அத்தை" என்றாள். "அதுக்குத்தானா? நான் குடலு அழுகிப் போச்சோன்னு நெனச்சு எத்தினி நாளா செத்துக்கினு இருக்கேன். தொப்பைக்கா?" பிறகு ஏதோ சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "வரட்டும் சாயங்காலம்" என்றாள். சீக்கிரமே போய்த் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். நீதான் கூட்டிப்போக வேண்டும். லீவு போடு. கண்டக்டர் அன்றைக்கே சொன்னாரே.

உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். உன்னைத் திட்டவில்லை. ஏன் இப்படிச் செய்தான் என்றுகூடக் கேட்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப எண்ணெ நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டார்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. எடையைக் குறை, நான் தடுக்கவில்லை. சோற்றைக் குறை, டீயில் சர்க்கரையை விடு, ஷிப்ட் முடிந்ததும் நடந்து வீட்டுக்குப் போ. மருந்து வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, அவளுக்குத் தெரிய, மேசைமேல் வைத்து விழுங்கு. அவளிடம் நீ பேச வேண்டியதை நான் பாதி பேசிவிட்டேன். மீதி உன்னுடையது, அதை நான் பேசப்போவதில்லை.

ஆனால் உன் அப்பாவுக்கு நீ தர வேண்டியது வேறு. சங்கீதா இன்னொன்றும் சொன்னாள். கல்யாணத்துக்கு நாம் களமருதூருக்குக் கொடுத்தனுப்பிய எண்ணெயில் ஒரு டின் இன்னும் அங்கே பிரிக்காமல் இருக்கிறதாம். மாடு கட்டுகிற இடத்தில் ஒரு மூலையில் தள்ளி வைத்திருக்கிறார்களாம். தூக்கிக் கொட்டவும் மனசில்லை, ஊற்றிச் சமைக்கவும் பயம். அவள் சித்தப்பாவுக்குப் போன் செய். என்னிடம் சொல்லச் சொல்லாதே, சங்கீதாவைச் சொல்லச் சொல்லாதே. நீ செய். மாத்திரை என்று சொல், தொப்பை என்று சொல், அவர் சிரிக்கட்டும், ஊரைக் கூட்டிச் சிரிக்கட்டும். அந்த டின் அடுப்படிக்கு வந்துவிட்டது என்று அந்த வீட்டில் இருந்து யாராவது உன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அதுவரை நீ போன் செய்தால் நான் எடுப்பேன். வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்பேன்.

அம்மா